குட்டி ஸ்பேனர் காணாமல் போன சனிக்கிழமை

குட்டி ஸ்பேனரைத் திருடியது அண்ணிதான். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. அந்தச் சனிக்கிழமை காலை விமானக் கொட்டகையில் இருந்த மற்ற நான்கு பேரும் அது தெரியாமல் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுத் தேடினார்கள். நீங்களும் அவர்களோடு சேர்ந்து குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

அண்ணி என்பது கொழுந்தன் கூப்பிடுகிற முறை. அவன் ஓயாமல் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் அந்தக் கொட்டகையில் அதுவே அவள் பெயராகிவிட்டது. சோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். கட்டிய கணவரே ஒருமுறை வேலை மும்முரத்தில் "அண்ணி, அந்தக் கத்தரிக்கோலைக் கொடு" என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாமல் திரிந்தார்.

கணவர் இன்ஜினியர். பெரிய விமானங்களின் இன்ஜினைக் கழற்றி மாட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டில் உட்கார முடியாமல், விமான நிலையத்தின் பின்பக்க மூலையில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, அதில் ஒரு கிழட்டு விமானத்தைக் கொண்டுவந்து இறக்கினார். மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சீட்டு. மரச்சட்டமும் அதன்மேல் இழுத்துக் கட்டிய துணியும்தான் மொத்த விமானமும். வந்தபோது துணி இல்லை, சட்டம் பாதி இல்லை, வால் பக்கம் ஒரு கோழி முட்டை இருந்தது.

அந்த விமானத்தைக் கண்டுபிடித்தவன் கொழுந்தன். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் 'நம்பர்'. வானத்தில் எது பறந்தாலும் அதன் வாலில் எழுதியிருக்கும் நம்பரைக் குறித்துக்கொள்வது அவன் வியாதி. முப்பது வருடத்தில் பதினேழு நோட்டுகள் எழுதியிருக்கிறான். அவன் கல்யாண ஆல்பத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, மாப்பிள்ளை மட்டும் எல்லாப் படத்திலும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். யாரோ ஒருவருடைய பண்ணையில் கோழிக்கூண்டுக்குக் கூரையாகக் கிடந்த பலகையில் பாதி அழிந்த மூன்று எழுத்தைப் பார்த்து, இது இன்ன விமானம், இன்ன நம்பர் என்று சொன்னவன் அவன்தான். அந்த வகையில் பறக்கிற நிலைக்கு வந்த விமானம் அவன் அறிந்த வரையில் இது ஒன்றுதான்.

அண்ணி கார் சீட்டுக்கு உறை தைக்கிற பட்டறை வைத்திருந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் இன்ஜினியர் தயங்கித் தயங்கி வந்து, "ஒரே ஒரு இறக்கைதான். ஒரு வார வேலை. உன் கைத் தையல் யாருக்கும் வராது" என்றார். கடைசி வாக்கியத்தில் அவள் விழுந்தாள். இறக்கையின் மேல்பக்கத் துணியையும் கீழ்பக்கத் துணியையும் நடுவிலிருக்கும் விலாச்சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மேலிருந்து குத்தினால் கீழே வந்து எட்டிப்பார்க்கிற முழ நீள ஊசி, மெழுகு தடவிய நூல், மூன்று விரலுக்கு ஒரு முடிச்சு. ஓர் இறக்கை நான்காயிற்று, பிறகு வால், பிறகு உடம்பு. மொத்தம் மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு முடிச்சு. எண்ணிக்கை அவளுக்கு மனப்பாடம். கட்டை விரலில் காய்ப்பு ஏறி, பட்டறை வேலை பாதியில் நின்று, வீட்டுச் சமையல் அரைகுறையாகி, அத்தனையும் ஆன பிறகு வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சு வந்தது.

பேச்சை எடுத்தவர் நாத்தனார், அதாவது இன்ஜினியரின் அக்கா. இருபத்திரண்டு வருடம் வயல்களுக்கு மேல் பூச்சிமருந்து தெளிக்கிற விமானம் ஓட்டியவர். வீட்டில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. எல்லோருக்கும் அவர் பைலட் அக்கா. விமானத்தை முதன்முதலாக மேலே ஏற்றப்போவது அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டதும் ஏத்திடலாம்" என்றார் பைலட் அக்கா. "முன் சீட்டுல ஒருத்தர் வேணும். நான் ஓட்டும்போது முள் எங்க நிக்குது, சூடு எவ்வளவுன்னு பார்த்து எழுதணும். நம்பர் வரட்டும். அவனுக்குத்தான் எழுதுற கை."

நம்பர் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றுவிட்டான். அவன் நோட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் இரண்டு கட்டம் உண்டு. ஒன்று 'பார்த்தது', இன்னொன்று 'ஏறியது'. இந்த வகைக்கு நேராக இரண்டாவது கட்டம் முப்பது வருடமாகக் காலியாக இருந்தது. இன்ஜினியர் போட்டிக்கே வரவில்லை. விமானத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சேர்க்கிற அந்த மனிதருக்கு ஏணியின் நான்காம் படியிலேயே வியர்க்கும்.

அண்ணியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் "எனக்கெதுக்கு, நீங்க போங்க" என்றுகூடச் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை என்பதுதான் அவளைச் சுட்டது. நான்கு வருடம் குனிந்தே இருந்தவளுக்கு, அந்தத் துணிமேல் உட்கார்ந்து ஒரே ஒரு முறை கீழே பார்க்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது என்று அவளுக்கே அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே எடுத்து வைத்தாள். யாருக்கும் காது கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் கை கழுவப் போன நேரத்தில் அவள் குட்டி ஸ்பேனரை எடுத்தாள்.

அந்தக் கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய பலகை உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை அப்படியே சிவப்பு பெயின்டில் வரைந்து, அதன்மேல் ஆணி அடித்து மாட்டியிருக்கும். கருவியை எடுத்தால் சிவப்பு தெரியும். எடுத்தவர் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சிவப்பு தெரிந்து வில்லை இல்லையென்றால், அந்தக் கருவி கிடைக்கிறவரை விமானம் அசையக் கூடாது. மறந்துபோன ஒரு ஸ்பேனர் இறக்கைக்குள் உருண்டு, திசை திருப்புகிற கம்பியில் சிக்கினால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பலகையில் இடம் இல்லாத ஒரே சாமான் அண்ணியின் தையல் டப்பா. "என் ஊசியை என்னைத் தவிர யார் தொடப்போறாங்க? எனக்கெதுக்கு வில்லையும் கில்லையும்?" என்று ஆரம்பத்திலேயே அவள் ஒரு போடு போட்டதில், இன்ஜினியர் மறுபேச்சு பேசாமல் விட்டுவிட்டார்.

அவள் கணக்கு எளிமையானது. நம்பருக்கு வேலை ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில். ஞாயிறு சாயங்காலம் அவன் கிளம்பியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு அவனுக்கு லீவு கிடையாது. ஸ்பேனரை ஞாயிறு இரவுவரை பதுக்கினால், திங்கட்கிழமை காலை அதை இன்ஜினியரின் பழைய கோட்டுப் பையிலிருந்து "கண்டுபிடிக்கலாம்". எதையும் எங்கேயும் வைக்கிற மனிதர், பழி தாங்கிப் பழகியவர். முன் சீட்டு காலி. எழுத ஆள் வேண்டும். அப்போது யார் இருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தால் அண்ணிதான் இருப்பாள். விரல் நீளமே இருந்த அந்த ஸ்பேனரை மதியச் சாப்பாட்டு டப்பாவின் கீழ்த்தட்டில் வைத்து, மேலே மூடி போட்டு, கைப்பையில் திணித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அது பையில் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார். மெதுவாக நடந்து, மெதுவாகப் பேசி, எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிற மனிதர். வந்ததும் விமானத்தின் பக்கம் போகவில்லை. நேராகப் பலகைக்கு முன் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இங்க ஒண்ணு சிவப்பா இருக்கே" என்றார்.

இன்ஜினியர் முகம் சுண்டிப்போயிற்று. "இருக்காதே சார். நேத்துகூட..." என்று கிட்டே போய்ப் பார்த்தார். குட்டி ஸ்பேனரின் இடம் வெறிச்சென்று இருந்தது. வில்லையும் இல்லை.

அதன் பிறகு நடந்தது ஒரு மணி நேரக் கூத்து. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். இன்ஜினியர் பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்தார். நம்பர் பெட்ரோல் பீப்பாய்களை உருட்டிப் பார்த்தான். பைலட் அக்கா குப்பைத்தொட்டியைத் தரையில் கவிழ்த்துக் குச்சியால் கிளறினார். அண்ணியும் தேடினாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் மும்முரமாகவே தேடினாள். கைப்பையைத் தோளை விட்டு இறக்காமல், அலமாரி மேல் ஏறி, "இங்க இல்லையே!" என்று வருத்தமாகச் சொன்ன அழகைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

"கடைசியா எதுக்கு எடுத்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இன்ஜினியர் நெற்றியைத் தேய்த்தார். "வலப்பக்கக் கீழ் இறக்கை. உள்ள இருக்கிற கப்பியை முடுக்க. செவ்வாய்க்கிழமை. திரும்ப மாட்டினேன் சார். மாட்டினேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்க."

"மாட்டியிருப்பேன்."

இன்ஸ்பெக்டர் இறக்கையின் அடியில் இருந்த கை நுழைகிற வட்டத் துளையில் டார்ச்சையும் சிறு கண்ணாடியையும் விட்டுப் பார்த்தார். இரண்டு விலாச்சட்டம் வரைக்கும்தான் தெரிந்தது. அதற்கு அப்பால் இருட்டு. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"வெளிய இல்லைன்னா உள்ள இருக்கு. உள்ள இல்லைன்னு காட்டுற வரைக்கும் உள்ளதான் இருக்கு. துணியைப் பிரிச்சிருங்க."

அண்ணி அலமாரி மேலிருந்து இறங்கினாள். இதை அவள் யோசிக்கவே இல்லை. ஸ்பேனர் காணவில்லை என்றால் தேடுவார்கள், சலிப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். "எவ்வளவு பிரிக்கணும்?" என்று கேட்டாள்.

"கப்பியிலேர்ந்து நுனி வரைக்கும். பார்த்து முடிச்சிட்டு அடுத்த இறக்கை."

முந்நூறு முடிச்சு, அடுத்த இறக்கையில் இன்னும் எண்ணூறு. கைப்பை திடீரென்று கனத்தது. இப்போது எடுத்துக் கொடுத்தால் மானம் போகும், சீட்டும் போகும். கொடுக்காவிட்டால் அவள் கையால் போட்ட முடிச்சுகள் அவள் கண்ணெதிரே அறுபடும்.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு குலுக்கு குலுக்கிப் பார்க்கலாம் சார்" என்றார் பைலட் அக்கா. "இரும்புத் துண்டு உள்ள இருந்தா சும்மாவா இருக்கும்? கத்தும்."

அண்ணிக்கு உயிர் வந்தது. குலுக்கட்டும். ஒன்றும் கத்தப்போவதில்லை. கத்தாவிட்டால் இன்ஸ்பெக்டரும் மனசு இறங்குவார். ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். நம்பரும் இன்ஜினியரும் இறக்கை நுனிகளைப் பிடித்து ஏற்றி இறக்கினார்கள். பைலட் அக்கா வாலைத் தூக்கிப் பிடித்தார். இன்ஸ்பெக்டர் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் கம்பியை இறக்கையின் சட்டத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இன்ஜின் உள்ளே எந்த பேரிங் முனகுகிறது என்று அப்படித்தான் கேட்பார்கள்.

இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது மேல் இறக்கையிலும் சத்தம் இல்லை. வலது கீழ் இறக்கையில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, "இன்னும் ஒரு தடவை, பலமா" என்றார்.

நம்பர் தம் கட்டி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டான்.

கிணுக்.

ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. மறுபடி ஏற்றினான். கிணுக், கிணுக், என்று ஏதோ உருண்டு போய் எங்கேயோ முட்டி நின்றது.

"ஆகா, மாட்டிக்கிச்சு!" என்று நம்பர் கத்தினான். இன்ஜினியர் நெஞ்சில் கை வைத்து, "நான்தான். நானேதான். உள்ள வச்சிட்டு வந்திருக்கேன்" என்றார். ஒரு பக்கம் அவமானம், ஒரு பக்கம் கிடைத்துவிட்ட நிம்மதி. பைலட் அக்கா வாலை இறக்கி வைத்துவிட்டுத் தம்பியை ஒரு பார்வை பார்த்தார்.

அண்ணி மட்டும் அசையாமல் நின்றாள். ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்று அந்தக் கொட்டகையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அது அவள் தோளில், சாப்பாட்டு டப்பாவுக்குள் இருக்கிறது. அப்படியானால் இறக்கைக்குள் உருளுவது என்ன? இவள் இந்தக் கோணங்கித்தனம் பண்ணாமல் இருந்திருந்தால் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டிருப்பார். பைலட் அக்காவும் நம்பரும் இந்நேரம் மேலே இருந்திருப்பார்கள். அதுவும் கூடவே மேலே போயிருக்கும்.

"தள்ளுங்க" என்றாள். "நானே பிரிக்கிறேன்."

தையல் டப்பாவிலிருந்து பிளேடை எடுத்தாள். இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து, கப்பிக்கு அப்பால் இருந்த விலாச்சட்டத்தின் ஓரம் ஒவ்வொரு முடிச்சாக அறுத்தாள். பதினான்கு முடிச்சு. ஒவ்வொன்றும் எந்த நாளில் போட்டது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. இந்த ஓரம் போட்ட வாரம் அவளுக்குக் காய்ச்சல், யாரையும் கிட்டே விடாமல் வேலை பார்த்தாள். துணியை மெல்ல விலக்கி விரலை விட்டுத் துழாவினாள். கப்பியின் பள்ளத்துக்கும் கம்பிக்கும் நடுவில், வைத்துச் செருகினாற்போல ஒன்று உட்கார்ந்திருந்தது. நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

ஊசி குத்தாமல் இருக்க விரல் நுனியில் மாட்டிக்கொள்கிற பித்தளைத் தொப்பி. உட்புறம் துணியை இறுக்கப் பூசுகிற பூச்சு காய்ந்து ஒட்டியிருந்தது. இத்தனை நாள் ஏதோ ஒரு மூலையில் ஒட்டிக்கிடந்து, குலுக்கியதில் விடுபட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் அது காணாமல் போனபோது, "பெயின்ட் கலக்க எடுத்துத் தொலைச்சீங்களா?" என்று அவள் இன்ஜினியரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அவரும் ஒருவேளை எடுத்திருப்போமோ என்று நம்பி மன்னிப்புக் கேட்டார். பிறகு புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதை மறந்தே போனாள்.

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். "இது ஸ்பேனர் இல்லையே" என்றார் அப்பாவியாக.

பைலட் அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, கப்பியையும் கம்பியையும் அது இருந்த இடத்தையும் விரலால் தொட்டார். "வலப்பக்கம் திரும்பியிருப்பேன்" என்றார் சாதாரணமாக. "திரும்பினது நிமிர்ந்திருக்காது."

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்தாள், டப்பாவைத் திறந்தாள், கீழ்த்தட்டைத் திறந்தாள், குட்டி ஸ்பேனரை எடுத்துத் தரையில் வைத்தாள். பக்கத்திலேயே விரல் தொப்பியையும் வைத்தாள்.

"ரெண்டும் நான்தான்" என்றாள். "ஸ்பேனரை நேத்து வேணும்னே எடுத்தேன். நம்பர் ஊருக்குப் போயிட்டா முன் சீட்டு எனக்குக் கிடைக்கும்னு. என்னை யாரும் கேக்கலையே, நான் ஏன் கேக்கணும்னு ஒரு வீம்பு. தொப்பி வேணும்னு விட்டதில்லை. அது எனக்குத் தெரியவே தெரியாது."

நம்பர் வாயைப் பிளந்தான். "அண்ணி! நீங்களா! என் சீட்டுக்கா குறி வச்சீங்க?"

"ஆமா."

"நான் பெட்ரோல் பீப்பாயெல்லாம் உருட்டினேனே! முதுகு புடிச்சுக்கிச்சு!"

"உருட்டும்போது பார்த்தேன். பாவமாத்தான் இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. இன்ஜினியருக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் வேறொன்று நினைவுக்கு வந்தது. "அப்ப, நான் பெயின்ட் கலக்க எடுக்கலையா?" என்றார். மூன்று மாதமாகச் சுமந்த பழி இறங்கிய ஆனந்தம் அவர் முகத்தில்.

பைலட் அக்கா அண்ணிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அந்தக் கொட்டகையில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. விமானத்துக்குள் யார் சாமான் மறந்து கிடந்ததோ, அவர் அதன் அடுத்த பறப்பில் முன் சீட்டில் உட்கார வேண்டும். கையில் இருக்கிற அலட்சியம் உயிருக்கு வந்தால்தான் தெளியும் என்பது அவர் கட்சி. இதற்கு முன் ஒரே ஒரு முறை அது அமலானது. வேறொருவரின் விமானத்தில் இன்ஜினியர் டார்ச்சை விட்டுவிட்டார். அக்கா தம்பி என்றும் பார்க்காமல் அவரைக் கட்டி ஏற்றினார். பத்து நிமிடம் கண்ணைத் திறக்காமல் பறந்துவிட்டு இறங்கியவர், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தவர்தான், அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

"ஸ்பேனர் உள்ள கிடக்கல, அதனால அதுக்குச் சட்டம் கிடையாது" என்றார் பைலட் அக்கா. "தொப்பி கிடந்துச்சு. நாளைக்குக் காலைல முன் சீட்டுல நீ உட்காரு."

"இது என்ன அநியாயம்!" என்று நம்பர் குதித்தான். "இது தண்டனையா, பரிசா? திருடினவங்களுக்கே சீட்டா?"

"அவளையே கேளு" என்றார் அக்கா. "பரிசான்னு."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. நேற்றுவரை அந்தச் சீட்டுக்காக ஸ்பேனர் திருடியவள், இப்போது அந்தத் துணி இறக்கையை ஏதோ முன்பின் பார்க்காத மிருகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு முடிச்சு. தொப்பி விழுந்ததே தெரியாதவளுக்கு, ஒரு முடிச்சு நழுவியிருந்தால் மட்டும் தெரிந்திருக்குமா?

"நம்பரே போகட்டும் அக்கா" என்றாள் மெல்லிய குரலில்.

"அவனை அனுப்புவியா? நீ தச்சதுல?"

அண்ணி தையல் டப்பாவைக் கிட்டே இழுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஊசியை எடுத்தாள். அன்று பகல் முழுக்க அவள் விமானத்தின் ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அறுத்த பதினான்கையும் மறுபடி போட்டாள். நம்பர் முதலில் ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே நின்றான். மேலே இரண்டு விமானம் போயிற்று, குறித்துக்கொண்டான், மனசு கொஞ்சம் ஆறியது. உள்ளே வந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு, அவள் தொடத் தொட நோட்டில் கோடு போட்டு எண்ணினான். இன்ஜினியர் பலகைக்கு முன்னால் நின்று, விரல் தொப்பியைச் சுற்றிச் சிவப்பில் ஒரு சின்ன வட்டம் வரைந்து ஆணி அடித்தார். பக்கத்தில் ஊசிக்கும் கத்தரிக்கோலுக்கும் பிளேடுக்கும் இடம் வரைந்தார். அண்ணி பார்த்தாள், இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் மறுநாள் காலை வந்து, இரண்டு தடவை பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு காலை காற்றே இல்லை. கண்ணாடியும் தலைத்தொப்பியும் மாட்டி, பெல்ட்டை நெஞ்சில் இறுக்கி, முன் சீட்டில் அண்ணியைப் பொருத்தினார்கள். மடியில் அட்டையும் பென்சிலும் நூலால் கட்டியிருந்தது. இன்ஜினியர் விமானத்தின் முன்பக்க விசிறியைக் கையால் சுழற்றிவிட்டு ஓடிப்போய்த் தள்ளி நின்றார். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. விமானம் புல்லின்மேல் குதித்துக் குதித்துப் போய், ஒரு குதிப்புக்குப் பிறகு திரும்பித் தரையைத் தொடவில்லை. கீழே இன்ஜினியர் உட்கார்ந்துவிட்டார்.

இருபது நிமிடம் பறந்தார்கள். வலப்பக்கம் திரும்பினார்கள். நிமிர்ந்தார்கள். இறங்கினார்கள்.

நம்பர்தான் முதலில் ஓடிவந்தான். "அண்ணி! மேலேர்ந்து நம்ம கொட்டகை தெரிஞ்சுதா? ஆறு தெரிஞ்சுதா? எப்படி இருந்துச்சு கீழ?"

அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள். முகமெல்லாம் எண்ணெய்ப் பொட்டு, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை வட்டம். மடியில் இருந்த அட்டையில் முள் கணக்கெல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. ஓரத்தில் நாலு நாலாகக் கோடு கிழித்து ஒரு நீளமான எண்ணிக்கையும் இருந்தது.

"கீழயா?" என்றாள். "நான் கீழ பார்க்கவே இல்லடா. அந்த வலது இறக்கையையே பார்த்துக்கிட்டு வந்துட்டேன். பதினாலும் இருக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் வந்தது. நான்கு வருட ஆசை, திருட்டு, அவமானம் அத்தனையும் பட்டு ஏறிவிட்டு, கடைசியில் தன் தையலையே பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பைலட் அக்கா பின் சீட்டிலிருந்து இறங்கி அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "அதுக்குத்தான் சட்டம்" என்றார். அட்டையை வாங்கிப் பார்த்து, "எழுத்தும் பரவாயில்ல" என்றார். அக்காவிடமிருந்து அந்த வீட்டில் யாருக்கும் இதற்குமேல் பாராட்டு கிடைத்ததில்லை.

எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டு, இன்ஜின் எப்படி, கம்பி இறுக்கமா தளர்வா என்று கேட்கத் தொடங்கினார்கள். இன்ஸ்பெக்டர் பறப்புக்குப் பிந்திய சோதனைக்காக டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணி பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு கீழே கால் வைத்தபோது, விமானத்தின் மறுபக்கத்தில் ஓர் அசைவைப் பார்த்தாள்.

நம்பர் குனிந்து நின்றான். சுற்றுமுற்றும் பார்த்தான். தன் பித்தளை வில்லையை ஒரு பென்சிலில் நூலால் கட்டியிருந்தான், யாருடையது என்பதில் யாருக்கும் துளி சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று. அதை மெதுவாக முன் சீட்டுக்கு அடியில் போட்டான். அடுத்த பறப்பு எப்போது என்று அக்கா அங்கே சொல்லிக்கொண்டிருந்தார். அவனுக்கு லீவு கிடைக்கிற நாளுக்கு அடுத்த நாள்.

நிமிர்ந்தவன் அண்ணியின் கண்ணில் பட்டுவிட்டான். கையும் களவுமாக. திருதிருவென்று முழித்தான்.

அண்ணி அவனைப் பார்த்தாள், பென்சில் விழுந்த இடத்தைப் பார்த்தாள், டார்ச்சோடு வந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறக்காமல் தலையை உயர்த்தி, ஒரு விமானமும் இல்லாத ஆகாயத்தை வெகு கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.